படம் உள்ளே, ஆட்டம் முதுகில்: ஜப்பானின் சிப்பி சேர்க்கும் விளையாட்டு

உள்பக்கம் பொன் தகடு ஒட்டி, அதன் மேல் அரண்மனைக் காட்சி தீட்டிய சிப்பி ஓடுகளின் படங்கள் இணையத்தில் நிறையக் கிடைக்கின்றன. பெரும்பாலும் கீழே ஒரு வரி இருக்கும்: "ஒரே படம் உள்ள இரண்டு ஓடுகளைத் தேடிச் சேர்க்கும் பழைய ஜப்பானிய விளையாட்டு." இந்த வரி பாதிதான் சரி. பழைய முறைப்படி ஆடும்போது அந்தப் படங்கள் யார் கண்ணிலும் படாது. ஓடுகள் எல்லாம் கவிழ்ந்து கிடக்கும். ஆடுபவர் பார்ப்பது ஓட்டின் முதுகை, அதாவது கடல் தீட்டிய கோடுகளை. சேர்த்த இணை சரிதானா என்று திருப்பிப் பார்க்கும்போதுதான் படம் வெளியே வரும். படத்தை விடைத்தாள் என்று வைத்துக்கொண்டால், வினாத்தாள் முதுகுதான்.

பெயரிலிருந்தே குழப்பம் தொடங்கிவிடுகிறது. ஜப்பானிய மொழியில் 'கை' என்றால் சிப்பி. இந்த விளையாட்டை இன்று எல்லோரும் 'கை-அவாசே' என்கிறார்கள். 'அவாசே' என்பதற்குச் சேர்த்தல் என்றும் பொருள், எதிரெதிரே வைத்து ஒப்பிடுதல் என்றும் பொருள். ஹெயான் காலத்து (8 முதல் 12ஆம் நூற்றாண்டு வரை) அரசவையில் இருந்த கை-அவாசே இரண்டாவது பொருளில் வந்தது. இடது அணி, வலது அணி என்று பிரிந்து, அரிய சிப்பிகளைக் கடற்கரை போல ஜோடித்த தட்டுகளில் வைத்து, கூடவே வாகா என்னும் குறுங்கவிதை பாடி, யாருடையது மேல் என்று நடுவர் தீர்ப்புச் சொல்லும் போட்டி அது. சாமந்திப் பூ, ஓவியம், வாசனைப் பொருள் என்று பலவற்றுக்கும் இப்படிப் போட்டி வைத்த காலம். இசே ஆலயப் பணிக்கு அனுப்பப்பட்டிருந்த இளவரசி ரியோஷியின் மாளிகையில் 1040இல் நடந்த சிப்பிப் போட்டிக்குப் பதிவு இருக்கிறது.

நாம் பேசும் ஆட்டத்துக்கு உரிய பெயர் 'கை-ஓயி'. 'ஓயி' என்றால் மூடுதல். பிரிந்த இரண்டு ஓடுகளில் ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்து மூடுவது. இரண்டு பெயர்களும் வெகு சீக்கிரமே கலந்துவிட்டன. 12ஆம் நூற்றாண்டின் துறவிக் கவிஞர் சாய்கியோ, இசேயின் ஃபுதாமி கரையில் சிறுமிகள் ஹமாகுரி மட்டிகளைப் பொறுக்கி எடுப்பதைப் பார்த்து, அவை தலைநகரின் கை-அவாசேக்குப் போகின்றன என்று அறிந்து ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அந்தக் கவிதையிலேயே 'மூடுதல்' என்ற வினையும் வருகிறது. எனவே இன்று கை-அவாசே என்று சொல்பவரைத் திருத்தப் போக வேண்டியதில்லை. இரண்டு வேறு ஆட்டங்கள் இருந்தன என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும், பழைய குறிப்புகளைப் படிக்கும்போது தடுமாற மாட்டோம்.

ஏன் ஹமாகுரி? இரண்டு ஓடு உள்ள எந்தச் சிப்பியும் தன் இணையோடுதான் சரியாகப் பொருந்தும் என்பது உண்மைதான். ஆனால் விளையாட்டுக்கு அது மட்டும் போதாது. கையில் அடங்கும் அளவு வேண்டும், ஒவ்வொன்றும் வேறுவேறாக இருக்க வேண்டும், முதுகு வழுவழுப்பாக இருக்க வேண்டும். ஹமாகுரியின் முதுகில் மேடு பள்ளம் கிடையாது. வெண்மை, பழுப்பு, சாம்பல், கருநீலம் என்று நிறம் ஓட்டுக்கு ஓடு மாறும். உச்சியிலிருந்து, அதாவது ஓட்டின் கூர்முனையிலிருந்து, விசிறி போல இரண்டு பட்டைகள் இறங்கலாம், நெளிநெளியாகக் கோடுகள் ஓடலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். இரண்டு ஓடுகளும் ஒரே உயிரின் ஒரே விளிம்பில் ஒரே நேரத்தில் வளர்கின்றன. ஒரு குளிர்காலத்தில் வளர்ச்சி தடைப்பட்டால் அந்த வரி இரண்டிலும் ஒரே இடத்தில் விழும். இணையைக் கண்டுபிடிக்க முடிவது இதனால்தான்.

பொருத்தத்தை முடிவு செய்வது கீல். உச்சிக்குக் கீழே உள்பக்கத்தில் சின்னச் சின்னப் பற்கள் இருக்கும். ஒரு ஓட்டின் பல் மற்றதன் பள்ளத்தில் அமரும். சில வகைச் சிப்பிகளுக்கு விளிம்பே ரம்பம் போல இருப்பதால் அதுவும் பூட்டிக்கொள்ளும். ஹமாகுரியின் உள்விளிம்பு வழவழப்பானது, அது துப்புத் தராது. ஆகவே அளவும் நிறமும் ஒத்துப்போகும் இரண்டு அந்நிய ஓடுகளை விளிம்போடு விளிம்பு வைத்தால் 'சேர்ந்துவிட்டது' போலவே தோன்றும். கீலை முதலில் பொருத்தி, பிறகு மெல்ல மூட வேண்டும். உண்மையான இணை அசையாமல் உட்காரும். பொய் இணை ஒரு மூலையில் தூக்கிக்கொண்டு ஆடும், அல்லது வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கீற்று தெரியும். அழுத்தி மூடக் கூடாது. பல் நுனி ஒருமுறை உடைந்தால் அந்த ஜோடி பிறகு எப்போதும் சந்தேகத்துக்கு இடமாகிவிடும்.

முழுத் தொகுதி 360 ஜோடி. ஆண்டின் நாட்களை நினைவூட்டும் எண். ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு பக்கத்து ஓடு 'ஜிகை', தரையில் கிடப்பது. மறுபக்கத்து ஓடு 'தஷிகை', ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைப்பது. ஜிகை எல்லாம் ஒரே பக்கத்து ஓடுகளாக இருந்தே ஆக வேண்டும். இடது ஓடுகளுக்கு நடுவே ஒரு வலது ஓடு புகுந்துவிட்டால் அதற்கு அந்த ஆட்டத்தில் இணையே கிடைக்காது.

இடது வலது பிரிப்பது கடினமில்லை. முதுகு உங்களைப் பார்க்க, உச்சி மேலே இருக்கும்படி ஓட்டைப் பிடியுங்கள். இரண்டு ஓடுகளையும் இணைத்திருந்த கரும்பழுப்பு நாரின் மிச்சமோ அது இருந்த பள்ளமோ உச்சிக்கு ஒரு பக்கமாகத் தெரியும். அது வலப்புறம் இருந்தால் இடது ஓடு, இடப்புறம் இருந்தால் வலது ஓடு. நார் முழுதும் உதிர்ந்திருந்தால் உச்சியின் கூர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். நார் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

பரப்பும் விதி அழகானது. நடுவே வெற்றிடம் விட்டு முதல் வட்டத்தில் 12 ஜிகை. அடுத்த வட்டத்தில் 19. பிறகு 26, 33, 40, 47, 54, 61, கடைசியில் 68. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஏழு கூடுகிறது. ஒன்பது வட்டம், கூட்டிப் பாருங்கள், சரியாக 360. ஏன் ஏழு? இதற்குப் பெரிய தத்துவம் தேடாமல் தரையில் பரப்பிப் பார்த்தாலே புரியும். ஓட்டுக்கு 8 செ.மீ. இடம் விட்டால் 12 ஓடுகளின் வட்டம் 96 செ.மீ. சுற்றளவு, அதாவது சுமார் 15 செ.மீ. ஆரம். ஏழு ஓடு கூடினால் சுற்றளவு 56 செ.மீ. கூடும், ஆரம் 9 செ.மீ. போல வளரும். ஒரு ஓட்டின் அகலமும் விரல் நுழையும் இடைவெளியும் சேர்ந்த அளவு அது. ஆறாகக் கூட்டினால் வட்டங்கள் ஒன்றையொன்று முட்டும், எட்டாகக் கூட்டினால் விலகும். கடைசி வட்டத்தின் ஆரம் 87 செ.மீ. அளவில் முடிகிறது. இரண்டு தத்தாமிப் பாய்களை நீளப் பக்கங்கள் ஒட்டும்படி போட்டால் கிடைக்கும் ஏறக்குறைய 1.8 மீட்டர் சதுரத்தில் முழு ஆட்டமும் அடங்கிவிடும். விதியை வகுத்தவர்கள் இந்தக் கணக்கைப் போட்டார்களோ இல்லையோ, தரை அந்தக் கணக்கைப் போட்டுவிடுகிறது.

ஆட்டத்துக்கு வருவோம். ஜிகை எல்லாம் முதுகு மேலே. சுற்றி அமர்ந்தவர்கள் கையை மடியில் வைத்திருப்பார்கள். தஷிகைப் பெட்டியிலிருந்து ஓர் ஓடு எடுத்து நடு வெற்றிடத்தில், அதுவும் முதுகு மேலே இருக்கும்படி வைக்கப்படும். இதற்கு இணை எது என்று யாருக்குப் புலப்படுகிறதோ அவர் அந்த ஜிகையை எடுத்து, நடு ஓட்டோடு சேர்த்துப் பார்ப்பார். பொருந்தினால் உள்பக்கப் படத்தைக் காட்டிவிட்டு அந்த ஜோடியைத் தன் பக்கம் வைத்துக்கொள்வார். பொருந்தாவிட்டால் ஓடு இருந்த இடத்துக்கே திரும்பும். அதிக ஜோடி சேர்த்தவர் வென்றவர். தவறாக எடுத்தவருக்கு ஒரு சுற்று இல்லையா, கணக்கில் ஒன்று குறையுமா என்பதை முன்பே பேசிவிட வேண்டும். இல்லையென்றால் யாரும் யோசிக்காமல் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்துப் பார்க்கத் தொடங்குவார்கள், ஆட்டம் கெட்டுவிடும்.

புதிதாக ஆடுபவர்கள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: நடுவில் இருக்கும் ஓட்டைப் போலவே இன்னொன்றைத் தேடுகிறார்கள். இணை அப்படி இருக்காது. இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். ஒன்றின் பெருவிரல் வலப்புறம், மற்றதன் பெருவிரல் இடப்புறம். ஓடுகளும் அப்படித்தான். தஷிகையில் கருப்புப் பட்டை வலப்பக்கம் சாய்ந்தால் ஜிகையில் அது இடப்பக்கம் சாயும். கண்ணாடியில் தெரியும் உருவத்தைத் தேட வேண்டும். முதுகின் கோடுகள் மங்கலாக உள்ள வெள்ளை ஓடுகளில்தான் பழகியவர்களும் திணறுவார்கள். அப்போது உதவுவது வரிசைமுறை: முதலில் அளவை வைத்து முக்கால்வாசியை ஒதுக்கு, பிறகு வடிவம் (நீண்டதா, உருண்டதா), பிறகு நிறம், கடைசியில் வளர்ச்சி வரிகளின் இடைவெளி. நிறத்தில் தொடங்கினால் ஏமாற்றம்தான். ஒரே கரையில் எடுத்த ஓடுகள் பல ஒரே நிறமாக இருக்கும்.

இன்று கடைகளில் கிடைக்கும் சிறிய தொகுதிகளில் பெரும்பாலும் வேறு முறை: எல்லாவற்றையும் கவிழ்த்து, இரண்டிரண்டாகத் திருப்பி, ஒரே படம் வந்தால் எடுத்துக்கொள்ளும் நினைவாற்றல் ஆட்டம். அதில் குற்றமில்லை, குழந்தைகளுக்கு ஏற்றது. ஆனால் அதைச் சீட்டுக் கட்டிலும் ஆடலாம். சிப்பியாக இருக்க வேண்டிய தேவை அதில் இல்லை.

படங்களுக்கு வருவோம். உள்ளே தீட்டுவது பெரும்பாலும் 'கெஞ்சி' என்ற இளவரசனைப் பற்றிய பழைய ஜப்பானிய நெடுங்கதையின் காட்சிகள், இல்லையேல் பூக்கள், பறவைகள், விசிறிகள். இன்னொரு வகை 'உதா-கை': ஒரு ஓட்டில் வாகாவின் முதல் பாதி (5-7-5 அசைகள்), இணையில் பிற்பாதி (7-7). 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் சீட்டுக் கட்டைக் கொண்டுவந்தார்கள். 'கருதா' என்ற ஜப்பானியச் சொல்லே போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. பாதிக் கவிதையைப் பாதியோடு சேர்க்கும் பழைய பழக்கமும் புதிதாக வந்த அட்டையும் கூடிப் பிறந்ததுதான் உதா-கருதா. நூறு கவிஞரின் நூறு கவிதைகள், படிக்க 100 அட்டை, எடுக்க 100 அட்டை. படிக்கும் அட்டை தஷிகையின் இடத்திலும் எடுக்கும் அட்டை ஜிகையின் இடத்திலும் இருப்பதைக் கவனித்தால் உறவு விளங்கும்.

விளையாட்டைவிட அதிகம் வாழ்ந்தது அதன் பெட்டி என்றுகூடச் சொல்லலாம். 'கை-ஒகே' என்பது எட்டுப் பக்கம் கொண்ட, மூடியுள்ள உயரமான அரக்குப் பெட்டி. எப்போதும் இரட்டை: ஒன்று ஜிகைக்கு, ஒன்று தஷிகைக்கு. தன் இணையைத் தவிர வேறெதோடும் சேராத ஓடு கற்புக்கும் நல்ல இல்லறத்துக்கும் அடையாளமானதால், எடோ காலத்துப் (1603–1868) பெருங்குடித் திருமணங்களில் மணப்பெண்ணின் சீர்வரிசையில் இதற்குத்தான் முதல் இடம். ஊர்வலத்தில் முன்னால் போகும். மணமகன் வீட்டை அடைந்ததும் பெண் வீட்டின் மூத்த பணியாளர் அதை மணமகன் வீட்டாரிடம் முறைப்படி ஒப்படைப்பார். 'கை-ஒகே வதாஷி' என்று அதற்குத் தனிச் சடங்கே உண்டு.

இவற்றுள் பெயர் பெற்றது நகோயாவின் தொக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஷோகன், அதாவது படைத்தலைமை ஆட்சியாளர், தொக்குகாவா இயெமித்சுவின் மகள் சியோஹிமே 1639இல் ஓவாரி தொக்குகாவா குடும்பத்து மித்சுதொமோவுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டாள். பிறந்தது 1637, அப்போது சின்னக் குழந்தை. அவளுக்காக அரக்குக் கலைஞர் கோஆமி நாகாஷிகே செய்த 'ஹட்சுனே' சீர்ப்பொருட்கள் இன்று தேசியப் பொக்கிஷம். பெயர் கெஞ்சிக் கதையின் 23ஆம் அத்தியாயத்திலிருந்து வந்தது. அரக்கின் மேல் பொன்தூள் தூவிச் செய்த அந்த வரிசையில் கை-ஒகேயும் உண்டு.

சடங்கின் மிச்சம் இன்றும் இருக்கிறது. மார்ச் 3 பெண் குழந்தைகளின் பொம்மைத் திருநாளில் ஹமாகுரி போட்ட தெளிந்த ரசம் வைப்பது இதே பொருளில்தான். கொலுப் படிகளில் குட்டி கை-ஒகே இருக்கும். மணப்பெண்ணின் கிமோனோவில் அந்த எட்டுப்பக்கப் பெட்டியும் அவிழ்ந்து தொங்கும் கயிறும் நெய்யப்பட்டிருக்கும். கியோத்தோவின் இச்சிஹிமே ஆலயம் நடத்தும் பொம்மைத் திருநாள் விழாவில் கை-அவாசே ஆடிக் காட்டுவதுண்டு.

சொந்தமாக ஒரு தொகுதி செய்ய நினைப்பவர்கள் 360ஐக் கனவு காண வேண்டாம். 12, 19 என்று இரண்டு வட்டம், ஆக 31 ஜோடி. நான்கு பேர் ஆட இது போதும். 7 செ.மீ. அகலம் உள்ள ஓடுகளாகப் பாருங்கள், 5 செ.மீ.க்குக் கீழே போனால் முதுகின் கோடுகளும் தெரியாது, உள்ளே தூரிகையும் நுழையாது. அளவு எல்லாம் நெருக்கமாக இருந்தால்தான் ஆட்டம் கடினமாகும். பெரியதும் சிறியதும் கலந்தால் அளவை வைத்தே எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மட்டி கொதிநீரில் வாய் திறந்ததும் எடுத்துவிட வேண்டும். சதையை நீக்கிய உடனே, வேறெதுவும் செய்வதற்கு முன், ஒவ்வொரு ஜோடியையும் நூலால் கட்டிவிடுங்கள். இதை விட்டால் ஒரு மாலை முழுதும் ஜோடி தேடுவதிலேயே போகும். இரண்டு ஓடுகளையும் இணைக்கும் நாரை வளைத்து உடைக்கப் பார்க்காதீர்கள், காய்ந்த நார் உச்சியின் துண்டையும் சேர்த்துப் பிய்த்துவிடும். நீரில் ஊறவைத்து, சிறு கத்தியால் அறுக்க வேண்டும். பிறகு நிழலில் ஒரு வாரம் உலர்த்தல். சலவைக் கரைசலில் (பிளீச்) போட்டால் பளிச்சென்று ஆகும் என்று நினைப்பவர்கள் உண்டு. முதுகின் பளபளப்பு மெல்லிய புரதத் தோலால் வருவது. சலவைக் கரைசல் அதைத் தின்றுவிடும், ஓடு சுண்ணாம்பு போல வெளிறும், ஆட்டத்துக்கு வேண்டிய கோடுகளும் மங்கலாம். வினிகர் இன்னும் மோசம், ஓட்டையே கரைக்கும்.

உள்பக்கம் மிக வழுக்கும், நேரே தீட்டினால் வண்ணம் செதில் செதிலாக உரியும். 400 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு, 'கோஃபுன்' எனப்படும் சிப்பி வெள்ளைப் பொடியை 'நிகாவா' என்ற விலங்குப் பசையில் குழைத்து அடிப்பூச்சு கொடுக்க வேண்டும். பசை 10 கிராமுக்குத் தண்ணீர் 100 மி.லி. அளவு. இரவு முழுதும் ஊறவைத்து, 60 முதல் 70 பாகை செல்சியஸ் வரை சூடாக்கினால் கரையும். கொதிக்கவிட்டால் ஒட்டும் தன்மை போய்விடும். கோஃபுனைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பசை விட்டு உருண்டையாகப் பிசைந்து, தட்டில் பலமுறை அடித்து, பிறகுதான் நீர் விட்டுக் கரைக்க வேண்டும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை. பசை அதிகமானால் காயும்போது வெடிக்கும், குறைந்தால் விரலில் மாவாக ஒட்டும். இதன் மேல் பொன் தகடு. கனசாவா நகரில் செய்யும் தகடு 109 மி.மீ. சதுரம், ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு தடிமன். மின்விசிறியை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். கீல் பற்களிலும் விளிம்பிலும் பூச்சு படவே கூடாது. ஒரு மெல்லிய படலம் படிந்தாலும் ஜோடி முழுதாக மூடாது, உண்மையான இணையையே பொய் என்று சொல்லிவிடும்.

பாதுகாப்பதிலும் ஒரு எச்சரிக்கை. ஓக் மரப் பெட்டியும் புதிய ஒட்டுப்பலகையும் அமில ஆவி விடும். மூடிய பெட்டிக்குள் ஈரமும் சேர்ந்தால் ஓட்டின் மேல் வெள்ளைத் துகள் பூக்கும், அது பூஞ்சை இல்லை, சுண்ணாம்பே அரித்து உப்பாக வெளிவருவது. துடைத்தால் நிற்காது. அமிலமில்லாத அட்டைப் பெட்டியும் பருத்தித் துணியும் போதும்.

ஓடு கிடைப்பதே இப்போது கஷ்டம். ஹமாகுரிக்குப் பெயர் பெற்ற குவானா கடற்கரையில் 1970களில் ஆயிரக்கணக்கான டன் கிடைத்தது, 1995இல் ஒரு டன்கூட இல்லை. குஞ்சு வளர்த்து விட்டும் பிடிப்புக்கு வரம்பு வைத்தும் மீனவர்கள் ஓரளவு மீட்டிருக்கிறார்கள். 2012இல் ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் இந்த இனத்தை அழியும் ஆபத்துள்ளவற்றின் பட்டியலில் சேர்த்தது. சந்தையில் ஹமாகுரி என்ற பெயரில் வருவதில் நெருங்கிய உறவினங்கள் அதிகம். அவற்றில் சோசென் ஹமாகுரி ஓடு தடித்தது, அதிலிருந்துதான் ஹியூகா என்ற ஊரில் 'கோ' என்னும் பலகை ஆட்டத்தின் வெள்ளைக் காய்களைக் கடைந்தார்கள். அதையும் இந்த ஆட்டத்துக்குப் பயன்படுத்தலாம், ஆனால் இரண்டு இனங்களை ஒரே தொகுதியில் கலக்காதீர்கள். தடிமனை வைத்தே பிரித்துவிடுவார்கள்.

ஒரு ஓடு உடைந்தால் என்ன செய்வது? கடலில் எத்தனை மட்டி எடுத்தாலும் அதற்கு மாற்று கிடையாது. மிஞ்சிய ஓட்டையும் தொகுதியிலிருந்து எடுத்துவிட்டு, புதிதாக ஒரு முழு ஜோடியைத் தீட்டிச் சேர்க்க வேண்டும். அது வரும்வரை வெளி வட்டத்தில் ஒரு இடத்தைக் காலியாக விட்டுப் பரப்புங்கள்.